பிடித்த வேட்பாளர் யாரும் இல்லையென்றால் ஓட்டை என்ன செய்வது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

தேர்தல் தேதி அறிவித்ததும் வாசகர்களிடமிருந்து தவறாமல் வருகிற கேள்வி இது: "எங்கள் தொகுதியில் நிற்கிற யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை. நோட்டாவில் போடலாமா, இல்லை போகாமலே இருந்துவிடலாமா?" இப்படிக் கேட்கிறவர்களை அரசியலில் அக்கறையற்றவர்கள் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கறை இல்லாதவருக்கு இந்தக் குழப்பமே வராது.

நம் கையில் இருக்கும் வழிகள் இரண்டு இல்லை, ஐந்து. நோட்டா (நிற்கும் யாரும் வேண்டாம் என்று சொல்லும் பொத்தான்), 49-ஓ விதிப்படி வாக்களிக்க மறுப்பது, சுயேச்சைக்கோ சிறிய கட்சிக்கோ போடுவது, வெல்லக்கூடியவர்களில் கெடுதல் குறைந்தவருக்குப் போடுவது, வாக்குச்சாவடிக்கே போகாமல் இருப்பது. வாக்கு எண்ணும் மேசையில் இந்த ஐந்தும் ஐந்து விதமாக நடத்தப்படுகின்றன. அதைத் தெரிந்துகொள்ளாமல் கோபத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால், நினைத்ததற்கு நேர்மாறான பலன் கிடைக்கக்கூடும். தமிழ்நாட்டில் நடக்கும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

## முதலில், கோபம் யார் மேல்?

"யாரையும் பிடிக்கவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு மனநிலைகள் இருக்கின்றன. சிலருக்கு வேட்பாளரைத்தான் பிடிக்கவில்லை, கட்சி பரவாயில்லை. சிலருக்குப் பெரிய கட்சிகள் எதுவுமே ஆகவில்லை. இன்னும் சிலருக்கு, ஓட்டுக்குப் பணம், வாரிசு, சாதிக் கணக்கு என்று தேர்தல் நடக்கிற விதமே வெறுத்துப் போய்விட்டது. இந்த மூன்றில் உங்களுடையது எது என்று முடிவு செய்யாமல் மேலே போகாதீர்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

வேட்பாளர் மேல்தான் கோபம் என்றால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். அதனால் சட்டமன்றத்துக்குள் அவர் கை தூக்குவது பெரும்பாலும் கட்சி சொல்கிறபடிதான். தொகுதி வேலைகளில் ஆளின் குணம் நிறையவே பேசும். ஆட்சி யாருடையது என்பதில் கட்சிதான் பேசும். இரண்டில் உங்களுக்கு எது முக்கியம்?

இனி, ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கலாம்.

1. வெற்றி தோல்வியை அது மாற்றுமா?
2. எங்கே பதிவாகும், யார் கண்ணில் படும்?
3. நான் என்ன செய்தேன் என்பது ரகசியமாக இருக்குமா?
4. வெளியே தெரியாத செலவு என்ன, அடுத்த தேர்தலுக்கு ஏதாவது மிஞ்சுமா?

## நோட்டா

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-இல் தொடுத்த வழக்கில், 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்தது நோட்டா. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப.சதாசிவம். எவரையும் ஏற்காதவருக்கும் தன் மறுப்பை ரகசியமாகப் பதிவு செய்ய வழி வேண்டும் என்பதே தீர்ப்பின் மையம். மக்கள் இப்படி மறுப்பதைப் பார்த்துக் கட்சிகள் நல்ல வேட்பாளர்களை நிறுத்தும் நிலை மெல்ல மெல்ல வரும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் நோட்டா பொத்தான் முதலில் வந்தது.

ரகசியம் என்ற ஒரு விஷயத்தில் நோட்டாவுக்கு முழு மதிப்பெண் தரலாம். எந்திரத்தில் அது கடைசிப் பொத்தான். நீங்கள் அழுத்தியது யாருக்கும் தெரியாது. பதிவும் ஆகும், தொகுதி முடிவில் தனி எண்ணாகவே அறிவிப்பார்கள்.

ஆனால் வெற்றி தோல்வியை அது தொடுவதில்லை. நோட்டாவுக்கு எல்லாரையும்விட அதிக வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலிடம் வந்தவர்தான் வென்றவர். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. டெபாசிட்டைத் திரும்பப் பெற ஒரு வேட்பாளர் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். அந்தக் கணக்கில் நோட்டா வாக்குகளைச் சேர்ப்பதில்லை. அதாவது உங்களுக்குப் பிடிக்காதவரின் டெபாசிட்டைப் போக்க நோட்டா உதவாது. வேறொரு வேட்பாளருக்குப் போட்டிருந்தால் மொத்தக் கணக்கு கூடி, அவருக்கு வரம்பு கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

நோட்டா பெரிய எண்களைத் தொட்ட இடங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் 46 ஆயிரத்துக்கும் மேல் நோட்டாவுக்கு விழுந்தது. அந்தத் தேர்தலில் அங்கே பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆகியிருந்தது. 2024-இல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2,18,674 வாக்குகள். அங்கே காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட, நோட்டாவுக்குப் போடச் சொல்லி அந்தக் கட்சியே பிரச்சாரம் செய்தது. இரண்டு இடத்திலும் பெரிய கட்சி ஒன்றின் ஆதரவாளர்கள் போட ஆளில்லாமல் நின்றார்கள். இந்தூரில் கட்சியே சேர்த்துத் திரட்டிய அந்த இரண்டு லட்சத்தாலும் முடிவு அசையவில்லை; பாஜக வேட்பாளர் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். தனித்தனி ஆட்களின் சலிப்பு மட்டும் இருக்கும் இடங்களில் நோட்டா ஒரு சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. நாடு முழுக்க 2014-இல் சுமார் 1.1 சதவீதம், 2024-இல் ஒரு சதவீதத்துக்குச் சற்றே குறைவு. தமிழ்நாட்டில் 2016 சட்டமன்றத் தேர்தலில் 1.3, 2021-இல் சுமார் 0.75. பத்தாண்டு ஆகியும் ஏறவில்லை. வேட்பாளர் தேர்வை மாற்றும் அளவுக்குக் கட்சிகள் இதைக் கண்டு கவலைப்படுவதாக எனக்குத் தெரியவில்லை.

ஆர்.கே.நகரில் 2017 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் நோட்டா 2,373 வாக்குகள் பெற்று, 1,417 வாங்கிய பாஜகவை முந்தியது. அது பெரிய செய்தியானது. செய்தியாவது நோட்டாவுக்கு எளிது. அதற்கு மேல் சட்டப்படி நடப்பது எதுவும் இல்லை.

மறைமுகச் செலவு எங்கே வரும் என்றால், போட்டி நெருக்கமாக இருக்கும் தொகுதியில். 2021-இல் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2 லட்சம் வாக்குகள் பதிவாயின, அதில் நோட்டா ஏறக்குறைய 1,500. அதே தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370. இப்படிப்பட்ட தொகுதியில் இருவரில் ஒருவர் கொஞ்சமாவது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே நோட்டாவை அழுத்தியவர், அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

வேட்பாளர் ஒருவரே மிஞ்சினால் நோட்டாவுக்கே இடமில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 2024-இல் குஜராத்தின் சூரத்தில் ஒருவரின் மனு தள்ளுபடியாகி, மற்றவர்கள் வாபஸ் வாங்க, வாக்குப்பதிவே இல்லாமல் பாஜக வேட்பாளர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ்நாட்டில் 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலும் நோட்டா பொத்தான் கிடையாது. மகாராஷ்டிரம், ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-இல் உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று உத்தரவிட்டன. அப்படி ஒரு விதி சட்டமன்றத் தேர்தலுக்கும் வந்தால் இந்தக் கட்டுரையில் நோட்டாவைப் பற்றி நான் சொல்வது பாதி மாறிவிடும். அந்த விதி வர வேண்டும் என்றே விரும்புகிறேன்.

சரி, எப்போது நோட்டா சரியான தேர்வு? நிற்கும் எல்லாரையும், கடைசி சுயேச்சை வரைக்கும், பார்த்துவிட்டு "இவர்களில் யார் வந்தாலும் எனக்கு ஒன்றுதான்" என்று மனசாட்சியோடு சொல்ல முடிந்தால். அல்லது ஓர் ஊரே, ஒரு தொழில் பிரிவே சேர்ந்து, காரணத்தை வெளியே அறிவித்து நோட்டாவில் போடும்போது. அந்த எண்ணுக்கு ஒரு பெயரும் கோரிக்கையும் இருக்கும். வாக்குச்சாவடி வாரியாக அதைக் காட்டவும் முடியும்.

## 49-ஓ

நோட்டா வருவதற்கு முன் மறுப்புக்கு இருந்த ஒரே வழி இதுதான், இன்னும் இருக்கிறது. வாக்குச்சாவடியில் 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, வாக்களிக்க விரும்பவில்லை என்று தலைமை அலுவலரிடம் சொன்னால், அவர் அதைக் குறிப்பெழுதி உங்கள் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கிக்கொள்வார்.

அறையில் இருக்கும் எல்லாக் கட்சி ஏஜென்ட்டுகளும் அதைப் பார்ப்பார்கள். ரகசியம் போய்விடுகிறது என்பதால்தான் 2013 தீர்ப்பே வந்தது. எண்ணிக்கை, சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தில் ஒரு வரியாகப் போய்ச் சேரும்; தேர்தல் முடிவு பார்க்கும் பொதுமக்கள் கண்ணுக்கு அது வருவதில்லை. நோட்டா இருக்கும் தேர்தலில் இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. பகிரங்கமாக மறுப்பதே நோக்கம் என்று இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏஜென்ட்டாக உட்கார்ந்திருக்கும் கிராமத்தில் இதன் பின்விளைவு என்ன என்பதை அங்கே வாழ்கிறவர்தான் எடை போட வேண்டும்.

## சுயேச்சை அல்லது சிறிய கட்சி

"ஜெயிக்காத ஆளுக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஒரு தேர்தலின் முடிவை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. அடுத்த தேர்தலையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு சரியில்லை.

ஒரு கட்சிக்கு விழும் வாக்கு சேர்ந்துகொண்டே வரும். நாம் தமிழர் கட்சி 2016-இல் சுமார் 1.1 சதவீதம், 2021-இல் 6.6, 2024-இல் 8.2 என்று ஏறியது. இந்த மூன்று தேர்தலிலும் ஓர் இடம்கூட வெல்லவில்லை. ஆனால் ஒரு மாநிலத்தில் 8 சதவீதம் வாங்கினாலே மாநிலக் கட்சி அங்கீகாரம் உண்டு என்ற விதியால் 2025-இல் அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் என்பது வெறும் பெருமை இல்லை. நிலையான சின்னம் கிடைக்கும். வேட்புமனுவுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டியதில்லை, ஒருவர் போதும். வாக்காளர் பட்டியல் இலவசமாக வரும். இதே கட்சி 2024-இல் பழகிய கரும்பு விவசாயி சின்னம் கிடைக்காமல் மைக் சின்னத்தில் நிற்க வேண்டியிருந்ததை நினைத்தால் சின்னத்தின் அருமை புரியும். கட்சியின் கொள்கை பிடிக்கிறதா இல்லையா என்பது உங்கள் விஷயம். வாக்கு வீணாவதில்லை என்பதைக் காட்ட இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தேமுதிக 2006-இல் தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியது. வென்றது விருத்தாசலம் ஒன்றுதான். அந்த வாக்குகளே பேரம் பேசும் பலமாகி, 2011-இல் அதிமுக கூட்டணியில் 29 இடங்கள் வென்று எதிர்க்கட்சியானது. "இரண்டு பேரும் வேண்டாம்" என்று 2006-இல் போட்ட வாக்கு, ஐந்தே ஆண்டில் இருவரில் ஒருவருக்கு ஏணியானது. சிறிய கட்சிக்குப் போடும்போது வெளியே தெரியாத செலவு இதுதான்: உங்கள் எதிர்ப்பு வாக்கை அந்தக் கட்சி பிறகு எங்கே கொண்டுபோய்க் கொடுக்கும் என்பதில் உங்களுக்குப் பேச்சே கிடையாது. போடும் முன் அவர்கள் கூட்டணி பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள், முன்பு என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

சுயேச்சை கதை வேறு. டி.டி.வி.தினகரன் 2017-இல் ஆர்.கே.நகரில் சுயேச்சையாக 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார் என்றாலும், அவர் பின்னால் அதிமுக அமைப்பின் ஒரு பகுதியே நின்றது. ஊர்க்காரர் ஒருவர், ஏரிக்காகவோ குப்பைக் கிடங்குக்கு எதிராகவோ நிற்கும்போது அவர் வெல்வது அரிது. ஆனால் அந்த வாக்கு, நோட்டாவைப் போல வாயில்லாதது இல்லை. "ஏரிக்காக இத்தனை பேர்" என்று அதற்கு ஒரு பொருள் இருக்கும், அடுத்த ஐந்து ஆண்டும் அதைச் சொல்லி மனு கொடுக்க ஓர் ஆளும் இருப்பார். இந்தக் காரணத்தாலேயே, நல்ல சுயேச்சை ஒருவர் நிற்கும் தொகுதியில் நோட்டாவைவிட அவரையே பரிந்துரைப்பேன்.

வென்ற சுயேச்சை பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும். வெளியிலிருந்து ஆதரவு தரலாம். இதைச் சொல்லாமலே "நான் ஜெயித்து ஆளுங்கட்சியில் சேர்ந்து ஊருக்கு நல்லது செய்வேன்" என்று வாக்குறுதி தருபவரை நம்ப வேண்டாம். பெயரையும் கவனியுங்கள். 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலர் நின்றார்கள். எந்திரத்தில் படமும் இருக்கும். சின்னத்தையும் படத்தையும் பார்த்து அழுத்துங்கள்.

மொடக்குறிச்சியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1996-இல் தங்கள் குறைகளைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் அந்த ஒரே தொகுதியில் நின்றார்கள். வாக்குச்சீட்டு ஒரு புத்தகம்போல ஆனது. அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள். இப்போது சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. நாடு முழுவதும் அந்த விவசாயிகளைப் பற்றிப் பேசியது. அந்த வழி பிறகு வருபவர்களுக்குச் சுருங்கிப்போனதும் உண்மை.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் குறிக்கலாம். 2024-இல் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், முதல் முறையாக அந்த விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. அங்கே ஒருவர் பிடித்த சிறிய வேட்பாளருக்கு ஒன்று என்றும், பரவாயில்லை என்று நினைக்கும் பெரிய வேட்பாளருக்கு இரண்டு என்றும் போட முடியும். நமக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஒரு பொத்தான்தான். அதனால்தான் அடுத்த வழியைப் பற்றியும் தீவிரமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

## வெல்லக்கூடியவர்களில் கெடுதல் குறைந்தவர்

ஐந்து வழிகளில் வெற்றி தோல்வியை நேரடியாகத் தொடுவது இது மட்டுமே. வாக்கு வித்தியாசம் 137 என்று இருக்கும் தொகுதியில் ஒரு தெருவின் வாக்கே ஓர் உறுப்பினரைத் தீர்மானிக்கிறது. ராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் 49 தான். அதற்காக வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது.

கெடுதல் குறைந்தவர் யார் என்பதை வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-இல் தன் சொத்து, கடன், படிப்பு, வழக்கு விவரங்களைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது கிடைக்கும். வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். நம் ஊரில் மறியல், ஆர்ப்பாட்டம், தடையை மீறிக் கூடியது என்று போராட்ட வழக்குகளே பலர் மேல் வரிசையாக இருக்கும். நில அபகரிப்பு, பணமோசடி, பெண்கள் மீதான வன்முறை என்று இருந்தால் அது வேறு. எந்தச் சட்டப் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகியிருக்கிறதா, தண்டனை உண்டா என்று பாருங்கள். குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்ற காரணத்தைக் கட்சி வெளியிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் காரணத்தைத் தேடிப் படித்தால், உங்கள் தொகுதியைப் பற்றிக் கட்சி எவ்வளவு யோசித்திருக்கிறது என்பது தெரியும்.

இந்த வழியின் செலவை மறைக்க விரும்பவில்லை. அரைமனதோடு போட்ட வாக்கும் முழு ஆதரவாகவே எண்ணப்படும். "மக்கள் எங்களை ஏற்றுக்கொண்டார்கள்" என்று வென்றவர் மேடையில் சொல்லும்போது உங்கள் வாக்கும் அதில் இருக்கும். ஒவ்வொரு முறையும் இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் பெரிய கட்சிகளுக்கு மாற வேண்டிய அவசியமும் வராது. "எதிராளி வந்துவிடுவான்" என்று பயம் காட்டினால் போதும் என்று ஆகிவிடும். இந்தச் செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த வழி, வாக்குப் போட்ட கையோடு விலகிவிடாமல், வென்றவரைத் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வார்டு பிரச்சினை வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் அந்த நிதி உண்டு. எதற்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

## போகாமல் இருப்பது

சட்டப்படி இது குற்றம் இல்லை. வாக்களிக்காமல் இருப்பதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தேர்தல் உரிமைக்குள்ளேயே வருகிறது.

ஆனால் தனி ஆளாகப் போகாமல் இருப்பதற்கு எந்தப் பொருளும் பதிவாவதில்லை. கோபத்தில் போகாதவரும், காய்ச்சலில் படுத்திருந்தவரும், லீவுக்கு ஊட்டி போனவரும், இறந்தும் பெயர் நீக்கப்படாதவரும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறார்கள். 2024-இல் தருமபுரியில் 81 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் சுமார் 54 சதவீதம்தான். அந்த மிச்சம் 46 சதவீதம் என்ன சொல்ல வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாக்கு கேட்டு வருகிறவர்கள் யார் நிச்சயமாக வந்து போடுவார்களோ அவர்களின் தெருவில்தான் அதிக நேரம் செலவிடுவார்கள். இரண்டு மூன்று தேர்தலாக ஒரு தெரு போகவில்லை என்றால், அது பூத் ஏஜென்ட்டுகளுக்குத் தெரியும். உங்கள் பெயரில் வேறு யாராவது போட்டுவிட்டுப் போகும் ஆபத்தும் இருக்கிறது. கள்ள ஓட்டுக்கு முதலில் வசதியாவது வராதவர்களின் பெயர்தான்.

ஊரே சேர்ந்து புறக்கணிப்பது முற்றிலும் வேறு விஷயம். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024-இல் தேர்தலைப் புறக்கணித்தபோது, அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள், நாளிதழ்கள் எழுதின. அதே ஏப்ரலில் நாகாலாந்தின் கிழக்குப் பகுதி ஆறு மாவட்டங்கள் தனி மாநிலக் கோரிக்கைக்காக வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. கோரிக்கை ஒன்று, அறிவிப்பு ஒன்று, எண்ணிக்கை ஏறக்குறைய சுழி. இதை யாரும் சோம்பல் என்று சொல்ல முடியாது.

கூட்டுப் புறக்கணிப்புக்கும் விலை உண்டு என்பதை ஈழத் தமிழர்கள் அறிவார்கள். 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில், புலிகளின் அழுத்தத்தால் வடக்கில் பெரும்பாலானவர்கள் வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவானது ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. மஹிந்த ராஜபக்ச வென்றது சுமார் 1.8 லட்சம் வாக்கு வித்தியாசத்தில். எதிர்த்து நின்று தோற்ற ரணில் விக்கிரமசிங்க வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. புறக்கணிப்பு நடுநிலை இல்லை, அது யாருக்காவது ஒருவருக்குச் சாதகமாகவே முடியும் என்பது மட்டும் அந்த எண்களில் தெரிகிறது.

கோபத்தால் அல்லாமல் வசதியில்லாமல் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வாக்குப்பதிவு நாளில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊர் மாறியவர்கள் படிவம் 8 கொடுத்துப் பெயரை இப்போதிருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 85 வயதுக்கு மேற்பட்டவர்களும் 40 சதவீத மாற்றுத்திறன் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | முடிவை மாற்றுமா? | எங்கே பதிவாகும்? | ரகசியம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| நோட்டா | இல்லை | தொகுதி முடிவில் தனி எண்ணாக | முழுமையாக உண்டு | நெருக்கமான போட்டியில் உங்கள் சொல் போகும். டெபாசிட் கணக்கில் சேராது |
| 49-ஓ | இல்லை | 17சி படிவத்தில் மட்டும் | இல்லை | ஏஜென்ட்டுகள் முன் அடையாளம் தெரியும் |
| சுயேச்சை, சிறிய கட்சி | அரிதாக | பெயரோடு, சதவீதத்தோடு | உண்டு | பிறகு கூட்டணிப் பேரத்துக்குப் பயன்படலாம் |
| கெடுதல் குறைந்தவர் | ஆம் | வென்றவர் அல்லது தோற்றவர் கணக்கில் | உண்டு | அரைமனது முழு ஆதரவாக எண்ணப்படும் |
| போகாமல் இருப்பது | தனியாக இல்லை. கூட்டமாக ஆகலாம் | வாக்கு சதவீதக் குறைவாக | வராதது தெரியும் | கள்ள ஓட்டு. உங்கள் தெருவின் மதிப்பு குறையும் |

## உங்கள் தொகுதி எந்த ரகம்?

மேலே சொன்னதில் பாதி, தொகுதியில் போட்டி எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ள மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 கிடைக்கும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை என்று அதில் இருக்கும். உங்கள் பூத்தை எடுத்துப் பாருங்கள், கடந்த இரண்டு தேர்தலின் வித்தியாசத்தையும் பாருங்கள். கட்சிக்காரர்கள் இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், நாமும் பார்க்கலாம்.

வித்தியாசம் சில ஆயிரத்துக்குள் இருந்தால் கெடுதல் குறைந்தவருக்கே போடுங்கள் என்பேன், கோபம் கட்சிகள் மேல் இருந்தாலும்கூட. வித்தியாசம் 40, 50 ஆயிரம் என்று ஒரே கட்சிக்குப் போய்க்கொண்டிருக்கும் தொகுதியா? அங்கே உங்கள் ஒரு வாக்கால் வெற்றி மாறப் போவதில்லை. கொள்கை பிடித்த சிறிய கட்சிக்கோ ஊர்ப் பிரச்சினைக்காக நிற்கும் சுயேச்சைக்கோ தயங்காமல் போடலாம். அப்படியும் ஒருவர் இல்லையென்றால் நோட்டா. கூட்டணி மாறிய தேர்தலில் பழைய வித்தியாசம் ஏமாற்றும், அதனால் இரண்டு கட்சிகள் சேர்ந்தோ பிரிந்தோ இருந்தால் தொகுதி நெருக்கமானது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே

இந்த ஐந்து வழிகளும் வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு நாம் செய்யக்கூடியவை. பட்டியலே சரியில்லை என்பதுதான் நம் குறை என்றால், அதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன.

பெரிய கட்சிகள் தேர்தலுக்குச் சில மாதம் முன்பே விருப்ப மனு வாங்கத் தொடங்கிவிடும். உங்கள் பகுதியில் யார் யார் மனு கொடுத்திருக்கிறார்கள் என்பது உள்ளூரில் எளிதாகத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு குடியிருப்போர் சங்கமோ, விவசாயிகள் சங்கமோ, மகளிர் குழுவோ கையெழுத்திட்டு, "இவரை நிறுத்தினால் போட மாட்டோம், காரணம் இது" என்று மாவட்டச் செயலாளருக்கும் தலைமைக்கும் எழுதினால், வாக்குப்பதிவு அன்று அழுத்தும் நோட்டாவைவிட அதற்கு எடை அதிகம். இன்னும் சீட் கொடுத்திருக்க மாட்டார்கள், மாற்ற நேரம் இருக்கும்.

நம்பிக்கையான ஒருவர் சுயேச்சையாக நிற்கத் தயார் என்றால் அவருக்குத் தேவை முதலில் பத்து முன்மொழிபவர்கள். அந்தத் தொகுதி வாக்காளராக இருந்தால் நீங்களே ஒருவராகலாம். 25 வயது நிரம்பியிருந்தால் நீங்களே நிற்கவும் செய்யலாம். கையெழுத்துப் பொருந்தவில்லை, பட்டியல் எண் தவறு, படிவத்தில் ஒரு பத்தி காலி என்று சின்னக் குறைகளால் மனுக்கள் தள்ளுபடியாவது வழக்கம். அதனால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். குறையிருந்தால் திருத்தி இன்னொரு மனு கொடுக்க நேரம் இருக்கும்.

அறிவிக்கை வெளியான ஏழாம் நாளோடு மனுத்தாக்கல் முடியும், மறுநாள் பரிசீலனை, அதிலிருந்து இரண்டாம் நாள் வாபஸுக்குக் கடைசி. அதன் பிறகு வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளி இருக்கும். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைப் படிக்கவும், உங்கள் தெருவுக்கு வாக்கு கேட்டு வருகிறவர்களை நிறுத்தி வடிகால், பள்ளிக்கூடம், பட்டா என்று நாலு கேள்வி கேட்கவும் அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு நகர்கிறவர் யார், நின்று பதில் சொல்கிறவர் யார் என்று குறித்து வையுங்கள்.